கடு என்று இரண்டு எழுத்து

எங்கள் கட்டடத்தில் நாலாவது மாடியில் ஒரு கோயம்புத்தூர்த் தம்பி இருக்கிறார். மகர்பட்டாவிலேயே கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பவனா அணைப் பக்கம் தூண்டில் போடப் போய்விடுவார். போன ஜூலையில் லிஃப்டில் என்னைப் பார்த்து ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே சுழல் தகடுகள். தூண்டில் கம்பியில் கோத்துத் தண்ணீருக்குள் இழுத்தால் சுழன்று மின்னும். சின்ன மீன் ஓடுகிறது என்று நினைத்துப் பெரிய மீன் வந்து கவ்வும்.

"இதுல ஒண்ணைக்கூட மீன் தொட மாட்டேங்குது ஆன்ட்டி" என்றார்.

டப்பாவைப் பார்த்தேன். எல்லாமே நீள இலைத் தகடு, எல்லாமே வெள்ளி. தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்டேன். மழைத் தண்ணீர், ஒரே சேறு என்றார். அப்படியென்றால் நீங்கள் வந்ததே மீனுக்குத் தெரிந்திருக்காது என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதற்குள் என் மாடி வந்துவிட்டது.

அப்புறம் வீட்டுக்கே வந்து எல்லாம் கேட்டுக்கொண்டார். தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு இதைக் கொடுங்கள், நீங்கள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் தம்பி, நானே எழுதித் தருகிறேன் என்றேன். நாளுக்கு அரைப் பக்கம் எழுதினாலும் என் கையால் எழுதுவேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வாணியம்பாடிப் பக்கம். இவருக்கு இங்கே மராட்டிச் சீமையில் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை என்று கல்யாணமானதும் வந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, நிக்டி போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில் சேர்ந்தேன். வெளிநாட்டுக்குப் போகும் தூண்டில் தகடு செய்கிற பட்டறை. பதினெட்டுப் பேர், பாதிக்கு மேல் பெண்கள். சேரும்போது படிப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். ஏழாவது என்று சொன்னேன். உண்மையில் இரண்டாவது பாதியோடு சரி. சட்டென்று வாயில் ஏழு வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப எடுக்க மனசில்லை.

முதல் இரண்டு வருஷம் தகட்டுக்கு மெருகு போடும் பஃப் மெஷினில் நின்றேன். பிறகு ஓட்டை போடும் பிரஸ். அதெல்லாம் கை வேலை, சீக்கிரம் வந்துவிட்டது. மூன்றாம் வருஷம் என்னை, நல்ல தகடு கெட்ட தகடு பிரிக்கும் தேர்வு மேசையில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும் வரைக்கும், நடுவில் ஒரு மழைக்காலம் தவிர, அதுதான் என் இடம்.

உட்கார வைத்தவர் கரண்டே சாஹேப். பட்டறையை நடத்தியவர் அவர்தான். மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறை ஒன்றுகூட இருக்காது. எங்களை எல்லாம் பெயரோடு பாய் சேர்த்துக் கூப்பிடுவார். நான் கமலாபாய். ஆரம்பத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. இவரிடம் சொன்னபோது, மராட்டியில் அது மரியாதை, பாய் என்றதும் நீ பாட்டுக்கு விரித்துப் படுத்துவிடாதே என்று சிரித்தார்.

முதல் நாள் கரண்டே சாஹேப் மூன்று கண்ணாடி ஜாடிகளை மேசைமேல் வைத்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர். ஒன்றில் இலை ஊறித் தேநீர் நிறத்தில் இருந்த தண்ணீர். மூன்றாவதில் இந்திராயணி ஆற்றிலிருந்து எடுத்து வந்த மழைக்காலத் தண்ணீர், கலங்கல். அதற்கு மராட்டியில் கடூள் என்று சொல்வார்கள். பிறகு என்னைக் கண்ணை மூடச் சொன்னார். நூலில் கட்டிய தகட்டை என் கையில் கொடுத்து வெளியில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் இழுக்கச் சொன்னார்.

முதல் தகடு இழுப்பதே தெரியவில்லை. மெல்லிய கூச்சம் மட்டும் விரலில். இரண்டாவது கொஞ்சம் உதறியது. மூன்றாவது தடதடவென்று அடித்தது, தையல் மெஷின்மேல் கை வைத்ததுபோல. கண்ணைத் திறந்து பார்த்தேன். முதலாவது நீள இலை. இரண்டாவது ஒரு பக்கம் கூம்பினது. மூன்றாவது உருண்டை.

கலங்கிய தண்ணீரில் மீனுக்குக் கண் உதவாது, உடம்பால்தான் கேட்கும், அதனால் அங்கே உருண்டை வேண்டும் என்றார். தெளிந்த தண்ணீரில் அதே உருண்டையைப் போட்டால் அந்தத் தடதடப்பில் மீன் ஓடிவிடும். அங்கே நீள இலை போதும், மின்னினால் போதும். தேநீர்த் தண்ணீருக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ளது. ஓடுகிற தண்ணீரில் இலை, உருண்டையை வெள்ளம் மேலே தூக்கிவிடும். குளிர்ந்து கிடக்கிற தண்ணீரில் மீன் சோம்பலாக இருக்கும், மெதுவாக இழுக்க வேண்டும், மெதுவாக இழுத்தாலும் சுழல்வது உருண்டைதான். வெயிலில் தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி, தேநீர்த் தண்ணீருக்குப் பித்தளை, கலங்கலுக்கு மஞ்சள் வண்ணம் பூசினது. இவ்வளவுதான் பாடம். ஒருமுறைதான் சொன்னார். இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை.

பட்டறையில் நாங்கள் வைத்த பெயர்கள் வேறு. உருண்டை பூரி. நடுவிலுள்ளது பாதாம். நீள இலையை மராட்டிப் பெண்கள் கடுநிம்ப் என்பார்கள், அவர்கள் பாஷையில் வேப்ப மரம். அந்த இலை மாதிரியே இருக்கும். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

ஒவ்வொரு தகட்டையும் கண்ணாடிப் பலகைமேல் வைத்து நகத்தால் ஒரு ஓரத்தைத் தட்டினால் ஆடும். ஆடுகிற ஆட்டத்தில் குழிவு எவ்வளவு என்று தெரியும். குழிவு குறைந்தால் அடி குறையும். ஓட்டை கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் தகடு நொண்டும். ஓட்டையில் பிசிறு இருந்தால் நூலை அறுக்கும். மேசைமேல் போட்டால் நல்ல தகடு கணீரென்னும், விரிசல் விட்டது மொத்தென்னும். ஒரு தட்டு முழுக்கப் பார்க்காமலே, ஆளோடு பேசிக்கொண்டே பிரித்து வைப்பேன். என் மேசையிலிருந்து போனதில் நொண்டித் தகடு திரும்பி வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பிரித்த தகடுகளை அச்சடித்த அட்டையில் குத்தி, உறையில் போட்டு, பெட்டியில் அடுக்க வேண்டும். எந்தத் தண்ணீருக்கு என்பது அட்டையில் இங்கிலீஷில் இருக்கும். எல்லா அட்டையும் ஒரே நீலம், எழுத்து மட்டும்தான் வேறு. கரண்டே சாஹேப் கட்டைக் கொடுக்கும்போது வாயால் சொல்லிவிடுவார். நான் கட்டின்மேல் மெழுகுப் பென்சிலால் எனக்குத் தெரிந்த தமிழில் குறித்துக்கொள்வேன். தெளிந்த தண்ணீருக்குச் சாஃப் பாணி என்பார், நான் சா என்று போடுவேன். கடூள் என்றால் கடு, குறில் நெடில் எல்லாம் பார்க்க மாட்டேன். முழுதாக எழுதினால் நேரமாகும், யாராவது பக்கத்தில் நின்று பார்ப்பார்கள், எழுத்துத் தப்பிவிடும். இரண்டு எழுத்தோடு நிறுத்தினால் அவசரக்காரி என்றுதான் நினைப்பார்கள்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை மூடுகிறவள் தன் பித்தளை டோக்கனின் எண்ணைத் துண்டுச் சீட்டில் அச்சுக் குத்தி உள்ளே போட வேண்டும். குறை சொல்லிக் கடிதம் வந்தால், அந்த எண் யாருடையதோ அவள் பதில் சொல்ல வேண்டும். சாந்தா என்று ஒருத்தி இருந்தாள். அவள் பெட்டியில் தகடு கலந்துவிட்டது. கரண்டே சாஹேப் அவளைக் கூப்பிட்டார். சத்தம் இல்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, அவள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, சாந்தாபாய், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அன்றிலிருந்து சாஹேப் டீ சொன்னால், இன்றைக்கு யாருக்கு வேலை போகிறது என்று திரும்பிப் பார்ப்போம்.

இனி அந்த மழைக்காலத்துக்கு வருகிறேன்.

தேர்வு மேசைக்குச் செல்வியைப் புதிதாக அனுப்பியிருந்தார்கள். தர்மபுரிக்காரி, என்னைவிட நாலைந்து வயது சின்னவள், அதுவரை பஃப் மெஷினில் இருந்தவள். புருஷனுக்கு நிலையான வேலை இல்லை, அவள் சம்பளத்தில்தான் வீடு. பையில் எப்போதும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை வைத்திருப்பாள். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பிரித்து உட்கார்ந்துகொள்வாள். இவள் படித்தவள் என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் பயம். அவளுக்குத் தகட்டின் குழிவைக் காட்டினேன், ஓட்டையைக் காட்டினேன். தண்ணீர்ப் பாடத்துக்கு இன்னும் வரவில்லை.

அந்த வாரம் இவருக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை மத்தியானமே வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. மேசைமேல் இரண்டு தட்டு தயாராக இருந்தது, ஒன்றில் பூரி, ஒன்றில் கடுநிம்ப். அட்டை ஒரு வகைதான் வந்திருந்தது. மேலே கடு என்று குறித்திருந்தேன். நான் வராவிட்டால் நீயே குத்திவிடு என்று செல்வியிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

புதன்கிழமை காலையில் வந்தேன். பெட்டிகள் முந்தின நாளே போய்விட்டதாகச் சொன்னார்கள். நாலு பெட்டி. நிக்டியில் லாரி ஆபீஸில் இருக்கிறது, நாலு மணிக்கு மும்பைக்குக் கிளம்பும், அங்கிருந்து கப்பல். நல்லது என்று வேலையில் உட்கார்ந்தேன். சாப்பாடு முடிந்து மேசைக்குக் கீழே கை விட்டபோது ஒரு தட்டு தட்டுப்பட்டது. இழுத்தேன். தலைதட்டப் பூரி. ஒன்றுகூடக் குறையவில்லை.

"செல்வி, பூரி ஏன் அப்படியே இருக்குது?"

"அதுக்கு அட்டை வரலியேக்கா. நீ கடுன்னு எழுதி வெச்சிருந்த. கடுநிம்ப் பூரா குத்தி முடிச்சுட்டேன். பாரு, நகமே பேந்துடுச்சு."

விரலை நீட்டிக் காட்டினாள். அதில் ஒரு நகம் கறுத்திருந்தது. எனக்கு அந்த விரலைத்தான் பார்க்க முடிந்தது, முகத்தைப் பார்க்க முடியவில்லை. கலங்கல் தண்ணீர் என்று அச்சடித்த அட்டையில் நாலு பெட்டி நிறைய வெள்ளி இலை. எங்கேயோ ஒரு நாட்டில் ஒருவன் சேற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க அதை இழுப்பான். எழுதிப் போடுவான். பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே செல்வியின் பதினேழாம் எண்.

மணி ஒன்றரை.

அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கை தகட்டைப் பிரித்துக்கொண்டே இருந்தது. மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. கடிதம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் அட்டைக் கட்டின் மேல்தாள் குப்பைக்குப் போயிருக்கும், நான் எழுதியது யாருக்கும் தெரியாது. சொன்னால் என் ஏழாவது வகுப்பு வெளியே வரும். ஏன் முழுதாக எழுதவில்லை என்றுதான் முதலில் கேட்பார். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் நாடகத்தில் ராணி வேஷம் கொடுத்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிரீடத்துக்கு ஒதுக்கித் தள்ளின தகடு இரண்டு கொடுப்பாயா அக்கா என்று கேட்டாள். நான் ம் என்றேன். என்ன கேட்டாள் என்பதே பிறகுதான் மண்டையில் ஏறியது.

மொத்தென்று விழுந்த இரண்டு தகட்டை நல்லதோடு சேர்த்துவிட்டேன். கண்டுபிடித்துத் திரும்ப எடுத்தேன். மூன்றாவதும் அப்படியே ஆனது. அப்போதுதான் எழுந்தேன். என் கை தப்பு செய்ய ஆரம்பித்தால் எனக்கென்று வேறு எதுவும் இல்லை.

கரண்டே சாஹேப் அறைக்குப் போய், நாலு பெட்டியும் தப்பு சார் என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். யாருடைய டோக்கன் என்று கேட்டார். செல்வியுடையது, ஆனால் தப்பு என்னுடையது, நான் எழுதினதை அவள் படித்தாள் என்றேன். நடந்ததை எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். ஏழாவது இல்லை, இரண்டாவது என்பதையும் சொன்னேன். அதை அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். செல்விபாயையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

வாசலில் ஒரு சிக்ஸ் சீட்டர் ஆட்டோவை நிறுத்தி மூன்று பேரும் ஏறினோம். மழை. செல்வி என் காதில், எங்கேக்கா போறோம் என்றாள். சொன்னேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சாஹேப் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கழுத்தின் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

லாரி ஆபீஸில் இரண்டு பெட்டி வெளியே இருந்தது. இரண்டு லாரிக்குள் போய்விட்டது, அதன்மேல் மோட்டார் சாமான். சுமை தூக்குகிற ஹமால்கள் முடியாது என்றார்கள். குமாஸ்தாவும் தலையை ஆட்டினார். கரண்டே சாஹேப் சண்டை போடவில்லை. எடை போடும் மேடையில் போய் உட்கார்ந்தார். நீங்கள் வேலையைப் பாருங்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அந்த மேடையில் ஆள் உட்கார்ந்திருந்தால் அவர்கள் எதை எடை போடுவது? பத்து நிமிஷம் பார்த்தார்கள். குமாஸ்தா ஹமால்களை ஏசிவிட்டுச் சாமானை இறக்கச் சொன்னார்.

நாலு பெட்டியும் வந்ததும் சாஹேப் ஒன்றைக் கிழித்து ஒரு உறையைப் பிரித்தார். வாசலில் ஒரு பீப்பாயில் கூரைத் தண்ணீர் சேறாக நிறைந்திருந்தது. தன் பையிலிருந்து நூலை எடுத்துக் கட்டி, தகட்டை அதில் விட்டு இழுத்தார். தண்ணீருக்குள் போனது எங்கே என்றே தெரியவில்லை. நூலை என் கையில் கொடுத்தார். விரலில் ஒன்றுமே படவில்லை.

பிறகு பெட்டி மூடியைத் திருப்பி வைத்து மெழுகுப் பென்சிலை நீட்டினார். அன்று எழுதியதை எழுதுங்கள் என்றார். எழுதினேன். படியுங்கள் என்றார்.

"கடூள்" என்றேன்.

செல்வியைப் பார்த்தார். அவள் அந்த இரண்டு எழுத்தையும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கடுநிம்ப்" என்றாள்.

மராட்டியில் அந்த முதல் எழுத்து இரண்டு வார்த்தைக்கும் வேறு வேறு, இரண்டாவதும் வேறு, உங்களுக்கு ஒன்றேதானா என்று கேட்டார். அவர்களுக்கு நாலு வகைக் க இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எங்களுக்கு ஒன்றுதான் சார் என்றேன்.

"தோகீன்னி பரோபர் வாச்லம்" என்றார். இரண்டு பேரும் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சிரிப்பாரோ என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, டீக்கடைக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டு, மூன்று டீ என்றார்.

சாந்தா குடித்த டீதான் எனக்குக் கண்முன் வந்தது. செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். டீ வந்தது. நாங்கள் இருவரும் கையில் வைத்துக்கொண்டே நின்றோம். சூடு விரலைச் சுட்டது. சாஹேப் தன் டீயைப் பாதி குடித்துவிட்டு எங்களை ஏறிட்டுப் பார்த்தார்.

"குடிங்க, ஆறிடும். திரும்பப் போய் இது அத்தனையையும் பிரிக்கணும்ல?"

அவர் சொன்னது இந்தியில். என் காதில் விழுந்தது தமிழில்தான்.

பிரித்துக் குத்த மூன்று நாள் ஆனது. பெட்டி மூடும்போது செல்வியின் டோக்கனைத் தள்ளி வைத்துவிட்டு என் டோக்கனை அச்சுக் குத்தச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை என்னைத் திரும்ப பஃப் மெஷினுக்கு அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. மழை முடியும் வரை அங்கே நின்றேன். தேர்வு மேசையில் செல்வி. அவளுக்கு ஜாடிப் பாடத்தை அவரே நடத்தினார். மெருகுத் தூள் மூக்கிலும் கண்ணிலும் ஏற, என் மேசையில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பதை நான் தினமும் பார்த்தேன். தினமும் இன்றைக்கு டீ வருமா என்றும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எழுதிக் குறிக்கும் வழக்கமே நின்றது. அட்டைக் கட்டோடு ஒரு தகட்டை நூலில் கட்டித் தருவார். பூரி கட்டியிருந்தால் பூரி, இலை கட்டியிருந்தால் இலை. யாருக்கும் தப்பு வராது. எல்லோருக்கும் நல்லதுதான். எனக்கு மட்டும் அந்த நூலைப் பார்க்கும்போதெல்லாம் சுருக்கென்றது. அந்த மழையில்தான் இவரிடம் நோட்டு வாங்கி வரச் சொன்னேன். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, அதில் உள்ளதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். தீபாவளிக்கு முன் என்னை மேசைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். அன்று ஒரு கட்டின்மேல், நூலில் தகடு தொங்கும்போதே, கடூள் தண்ணி என்று முழுதாக எழுதினேன். கரண்டே சாஹேப் கடந்து போகும்போது பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் எத்தனை எழுத்து என்று எண்ணத் தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அச்சு மெஷின் வந்தது, அட்டைக்கு நிறம் வந்தது, நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே நூல் கட்டும் வேலையும் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இதை எழுதி முடித்ததும் தம்பியிடம் கொடுப்பதற்கு முன் ஒரு பயம் வந்தது. நான் ஒன்று நினைத்து எழுத, படிக்கிறவர் வேறொன்றாகப் படித்துவிட்டால்? போன வாரம் லோக்கல் ரயிலில் தேஹு ரோடு போய்ச் செல்வியிடம் காகிதங்களைக் கொடுத்தேன். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்து வாசித்தாள். நான் இரண்டு தடவை டீ போட்டேன். அவள் இன்னும் இரண்டாவது பக்கத்திலேயே இருந்தாள். அப்போதுதான் எனக்கு ஏதோ தட்டியது.

கடைசியில் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் அப்ப படிக்கத் தெரியாதுக்கா. அந்தப் பொஸ்தகம் படம் பாக்கத்தான். நீ எழுதினது ரெண்டே எழுத்துங்காட்டி எப்படியோ தேறிச்சு. சந்தேகமாத்தான் இருந்துச்சு. சார்கிட்ட கேட்டா, தமிழ்க்காரி எழுதினது தமிழ்க்காரிக்கே தெரியலியாம்பாங்களேன்னு கேக்கல."

இத்தனை வருஷம் அந்தத் தப்பு முழுக்க என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லாரி ஆபீஸில் அவள் அந்த இரண்டு எழுத்தை அவ்வளவு நேரம் பார்த்ததை நினைத்தேன். இதை மலரில் போடட்டுமா, வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன் என்றேன்.

"போடு" என்றாள். "முழுசா எழுது."